உங்களுக்குத் தெரியுமா? கதையாய் வந்த நற்செய்தி

செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் வீதியில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிறது கரடியனாறு. வயலும் குளமும் மாட்டுப் பட்டியும் சூழ்ந்த ஊர். வாவியின் இந்தப் பக்கத்தைப் படுவான்கரை என்பார்கள். கடலோரப் பக்கம் எழுவான்கரை. கோயிலும் தேவாலயமும் அயலயலாக இருக்கிற இந்த மண்ணில் விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்ள வாதத்தைவிடக் கதைதான் நேர்மையான வழி. கதை யாரையும் மடக்காது. கேட்டவர் தன் வீட்டுக்கு எடுத்துப்போய், தனக்குத் தோன்றும் நேரத்தில் யோசிக்கலாம். கதை சொல்லி நம்பிக்கையையும் வாழ்க்கைப் பாடத்தையும் கொடுத்தவர்களைப் பற்றி இதோ சில செய்திகள்.

விதைத்தது எத்தனை, அறுத்தது எத்தனை?

இயேசு சொன்ன விதைப்பவர் உவமையில், நல்ல நிலத்தில் விழுந்த விதை முப்பது, அறுபது, நூறு மடங்கு பலன் தந்தது. பட்டணத்தில் கேட்பவருக்கு இவை வெறும் எண்கள். படுவான்கரையில் வயல் செய்கிறவருக்கு இது புசல் கணக்கு. ஏக்கருக்கு 2 புசல் நெல் விதைத்து 60 புசல் அறுத்தால் முப்பது மடங்கு. 120 புசல் கண்டால் அறுபது மடங்கு. அந்தப் போகத்தைப் பற்றி ஊரே பேசும். நூறு மடங்கு என்றால் 200 புசல். "அது நடக்கிற காரியமா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் கதை வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கடவுளின் தாராளம் மனிதக் கணக்குக்குள் அடங்காது என்பதை யாரும் விளக்காமலே அவர் பிடித்துக்கொள்கிறார். வரம்பில் சிதறியதைக் குருவி பொறுக்குவதையும், புல் மூடிய மூலையில் பயிர் எழும்ப முடியாமல் நெரிபடுவதையும் அவர் ஒவ்வொரு பெரும்போகத்திலும் பார்த்தவர். இந்த உவமைக்குப் படம் காட்டத் தேவையில்லை.

கதை கேட்டுப் பழகிய காது

நற்செய்தி வருவதற்கு முன்பே படுவான்கரை கதை கேட்டு வளர்ந்த மண். வைகாசிச் சடங்குக் காலத்தில் கண்ணகி அம்மன் கோயில்களில் 'கண்ணகி வழக்குரை' பாடப்படும். தெற்கே பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கதை நாள் நாளாக நடத்திக் காட்டப்பட்டுத் தீமிதிப்பில் முடியும்.

கூத்து இன்னும் நீண்டது. வடமோடியோ தென்மோடியோ, கூத்தைத் தீர்மானித்ததும் 'சட்டம் கொடுத்தல்' நடக்கும். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவுசெய்து, அந்தப் பாத்திரத்தின் பாட்டுகளை அண்ணாவியார் முறைப்படி கையில் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். மத்தளமும் சல்லரியும் கேட்டுக் கேட்டு, ஆடாத பிள்ளைக்கும் பாட்டு மனப்பாடமாகிவிடும். சதங்கை அணிந்து, கடைசியில் விடிய விடிய அரங்கேற்றம். அரங்கேறும் இரவில் கதை யாருக்கும் புதிதல்ல. தெரிந்த கதையை மறுபடி அனுபவிக்கத்தான் வருகிறார்கள். வேதாகமக் கதையை ஒரு தரம் சொல்லி, "விளங்கினதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் அண்ணாவியாரிடம் பொறுமை படிக்கலாம்.

அறுவடையைப் பார்க்காதவர்

1814 ஜூன் 29ஆம் திகதி மெதடிஸ்த மிஷனரிகள் காலியில் கரையிறங்கினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய தோமஸ் கோக் கடற்பயணத்திலேயே இறந்துவிட்டார். அந்த மிஷனரிகளில் ஒருவரான வில்லியம் ஓல்ட் தன் மனைவியையும் அதே பயணத்தில் இழந்தார். அந்தத் துயரத்தோடு தனியாக மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் திறந்தார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அந்த 1814இலிருந்துதான் தன் வயதைக் கணக்கிடுகிறது. 1815 ஏப்ரலில் அவரும் காலமானார். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் இன்னொருவர் என்ற வேதாகமப் பாடத்தை மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பக்கத்தில் ஒரு கதை இல்லை.

அச்சேறிய அடியார் கதைகள்

தமிழில் ஆரம்பத்திலேயே அச்சான புத்தகங்களில் ஒன்று கதைப் புத்தகம். இயேசு சபைக் குரு அன்றிக் அன்றிக்கஸ் புனிதர்களின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த 'அடியார் வரலாறு' 1586இல் வெளிவந்தது. அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. முதலில் ஜெபமும் போதனையும், அடுத்ததாகக் கதை. முத்துக்குளித்துறை மக்களோடு பல வருடம் வாழ்ந்தவருக்கு, போதனை மனதில் நிற்க வேண்டுமானால் அதை வாழ்ந்து காட்டிய மனிதரைக் காட்ட வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

அம்மானையும் பள்ளும்

17ஆம் நூற்றாண்டில், போர்த்துக்கேயர் காலத்திலேயே, யாழ்ப்பாணத்துப் புலவர்கள் கிறிஸ்தவக் கதைக்குத் தமிழ் உருவம் கொடுத்துவிட்டார்கள். தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் சந்தியாகு அப்போஸ்தலரின் கதையை அம்மானையாகப் பாடினார். அதே காலத்து 'ஞானப்பள்ளு', வயலில் பாடுபடுகிற உழவரின் இலக்கிய வடிவத்தை எடுத்துக்கொண்டது. இரண்டிலும் வெளியிலிருந்து வந்தது கதை மட்டும்தான். பாட்டும் தாளமும் ஊர்ச் சொத்து.

குரு இல்லாத ஊரில் வாசித்தது யார்?

ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. கோவாவிலிருந்து வந்த புனித ஜோசப் வாஸ் அடிகளாரும் அவருடைய தோழர்களும் மறைந்து மறைந்து ஊழியம் செய்தார்கள். அவர்களில் யாக்கோமே கொன்சால்வெஸ் 1705இல் இலங்கை வந்து, தமிழும் சிங்களமும் படித்து, இரண்டு மொழியிலும் எழுதிக் குவித்தார், 1742இல் காலமானார். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் ராகத்தோடு வாசிக்கப்பட்டது. குரு வந்து சேர முடியாத ஊரிலும் எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவர் போதும்; மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். அதிகாரத்தால் குருவைத் தடுக்க முடிந்தது. கதையைத் தடுக்க முடியவில்லை.

தச்சர் நாயகன், மூடக் குரு

வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணி 3,615 பாடல்கள் கொண்ட காவியம். அதன் நாயகன் அரசனோ வீரனோ அல்லன். உழைத்துக் குடும்பம் காத்த தச்சர் சூசையப்பர். அதே முனிவர்தான் பரமார்த்த குருவையும் ஐந்து சீடர்களையும் வைத்து, தமிழ்ப் பிள்ளைகளை இன்றுவரை சிரிக்கவைக்கிற கதைகளையும் எழுதினார். யோசிக்காமல் ஒருவர் பின்னால் போனால் என்ன ஆகும் என்பதைச் சிரிப்பிலேயே சொன்னார். விசுவாசக் கதையும் புத்திமதிக் கதையும் ஒரே கையிலிருந்து வரலாம்.

குறவஞ்சியில் பெத்லகேம்

1774இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் வாழ்ந்தவர். குறத்தி குறி சொல்லும் குறவஞ்சியை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' படைத்தார். அதில் தேவமோகினி என்ற நாயகி திருச்சபையைக் குறிக்கிறாள்; அவள் காத்திருக்கிற தலைவன் கிறிஸ்து. சந்தையிலும் கோயில் வாசலிலும் மக்கள் ரசித்த வடிவம் ஆராதனைக்கு ஆகாது என்று அவர் தள்ளிவைக்கவில்லை.

சிறையில் பிறந்த பயணக் கதை

ஜான் பனியன் இங்கிலாந்துச் சிறையில் இருந்த காலத்தில் உருவாகி 1678இல் வெளிவந்த 'மோட்சப் பிரயாணம்', பாரம் சுமந்து நடக்கிற ஒரு மனிதனின் கதை. கம்பராமாயணத்தில் தோய்ந்த திருநெல்வேலி வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, அதைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். நூல் 1894இல் வந்தது. சிறு வயதில் படித்த கம்பனை அவர் கைவிடவில்லை. அந்தத் தமிழைக்கொண்டே தன் புதிய நம்பிக்கையைப் பாடினார்.

கிழக்கிலிருந்து வந்த நாவல்

ஈழத்து நாவலின் தொடக்க வரிசையில் நிற்கிற 'ஊசோன் பாலந்தை கதை' 1891இல் வெளிவந்தது. எழுதியவர் திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி. பிரிந்துபோன இரட்டைச் சகோதரர்களைப் பற்றிய ஐரோப்பியக் கதையைத் தமிழ் வாசகருக்குக் கொண்டுவந்தார். பொறுமை, விசுவாசம், துன்பத்துக்குப் பின் ஒன்றுசேர்தல் ஆகியவற்றைப் பிரசங்கமாகச் சொல்லாமல் வாசிப்பின் சுவையோடு சேர்த்துக் கொடுத்த முயற்சி அது.

அடுத்த வீட்டுக்கும் போன வழிமுறை

யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர் ஆறுமுக நாவலர். அவரே 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1852இல் பெரியபுராணத்தை எல்லோரும் வாசிக்கக்கூடிய வசனமாகக் கொடுத்தார். கிறிஸ்தவ ஊழியர்கள் மேடையிலும் அச்சிலும் செய்ததைக் கண்டு, தன் சமயத்துக்கு அதைவிடச் செம்மையாகச் செய்தார். இதில் கிறிஸ்தவர் வருந்த ஒன்றுமில்லை. அடியார் கதைகள் ஏழை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்ததால் தமிழர் அனைவருக்கும் நன்மை.

அரசனுக்குச் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதை

தாவீது அரசன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவைச் சாகக் கொடுத்தான். நாத்தான் தீர்க்கதரிசி நேரே போய்க் குற்றம் சாட்டவில்லை. ஏழை ஒருவன் பிள்ளைபோல வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்து விருந்து வைத்த கதையைச் சொன்னார். கோபத்தில் அரசனே தீர்ப்புச் சொன்னான். பிறகுதான், "அந்த மனிதன் நீயே" என்ற பொருளில் நாத்தான் பேசினார். தீர்ப்பு ஏற்கெனவே தாவீதின் வாயிலிருந்து வந்துவிட்டது. வீட்டில் பிள்ளை பிழை விட்டால் இந்த வழி உதவும். கதையைச் சொல்லி, "யார் செய்தது சரி?" என்று கேளுங்கள். பிள்ளை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்.

மலையிலிருந்து இறங்கும் வீதி

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழி மலையிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் கீழே இறங்குகிறது. நல்ல சமாரியன் கதை அந்த வழியில் நடந்தது. பதுளை மலையிலிருந்து கரடியனாறு வழியாகக் கரையோரம் வரும் வீதியும் இறக்க வீதிதான். போர்க்காலத்தில் அச்சத்தோடு பயணம் செய்த வீதி என்பதால், கொள்ளையர் கையில் அகப்பட்ட பயணியை இங்குள்ளவர்களுக்குக் காட்டத் தேவையில்லை.

ஆனால் கதையின் கூர்மை அடிபட்டவனிடம் இல்லை. உதவ வந்தவன் யூதர்கள் வெறுத்த சமாரியன். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருவரையொருவர் இழப்போடு நினைத்துக்கொள்கிற மாவட்டத்தில் இந்தக் கதையைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். "ஏழைக்கு உதவுங்கள்" என்று சுருக்கிவிட்டால் பாதிக் கதை போய்விடும். நாம் அஞ்சுகிற பக்கத்து மனிதர் நம் காயத்துக்குக் கட்டுப் போடுகிறார். அதை ஏற்றுக்கொள்ள மனம் வருமா? இயேசு அங்கே விளக்கம் தரவில்லை. காயப்பட்டவனுக்கு அயலவனாக இருந்தவன் யார் என்று கேட்டார். கதையைக் கேட்ட நியாயசாஸ்திரிக்குச் சமாரியன் என்ற பெயரைச் சொல்ல மனம் வரவில்லை. இரக்கம் காட்டினவனே என்று மட்டும் பதில் சொன்னார்.

வண்ணத்துப்பூச்சிப் பூங்கா

போர் நடந்துகொண்டிருந்த 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் அதன் தொடக்கத்தில் இருந்தவர்கள். போரால் பாதிக்கப்பட்ட ஊர்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பஸ்ஸில் வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், பாடினார்கள், கதை கட்டினார்கள், நடித்தார்கள்.

கண்டதைக் கேள்வி கேட்டுப் பிடுங்கினால் பயந்த பிள்ளை வாய் திறக்காது. அதே பிள்ளை ஒரு மிருகத்தையோ அரக்கனையோ வைத்துக் கதை சொல்லும்போது தன் பயத்தையும் அதற்குள் வைத்துவிடும். அங்கே கேட்பவருக்குப் பெரிய வேலை, இடையில் புகாமல் இருப்பது. ஒரு குருவானவர் துணைநின்ற இடம் அது. சமயம் மாற்றும் நோக்கம் அதற்கு இல்லை. கிறிஸ்தவ அன்பைக் கதை சொல்லியும் காட்டலாம், பிறர் கதையைக் காது கொடுத்துக் கேட்டும் காட்டலாம்.

மேடையில் பாடுகளின் கதை

நீ. மரியசேவியர் அடிகளார் 1965இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், இயேசுவின் பாடுகளைப் பெரிய மேடை நாடகங்களாக வளர்த்தது. இதற்கு முன்பே மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மூவிராசாக்கள், ஞானசௌந்தரி போன்ற கதைகளைக் கத்தோலிக்க மக்கள் கூத்தாக ஆடிவந்தார்கள். பிலாத்துவாகவோ பேதுருவாகவோ நடித்த இளைஞன் அந்த வேதப் பகுதியை ஆயுளுக்கும் மறக்கமாட்டான். உங்கள் ஊரில் பெரிய மேடை இல்லாவிட்டால் பரவாயில்லை; ஒரு மரநிழலும் நான்கு பிள்ளைகளும் போதும்.

ஒரே உலை

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005), 'பரட்டை' என்று மக்களால் அழைக்கப்பட்டவர். நாட்டுப்புற மெட்டிலும் கிராமத்துப் பேச்சிலும் வழிபாடே அமைத்தார். ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்கிற வழக்கத்தைக் கடவுளின் குடும்பத்துக்கு அடையாளமாக எடுத்துச் சொன்னார். கூலிக்காரர் தன் பேச்சில் கடவுளோடு பேசலாம் என்று ஆனபோது, ஆலயத்தின் கடைசி வரிசையில் இருந்தவர்களும் வாய்விட்டுப் பாடினார்கள்.

முதல் பக்கத்திலிருந்து

பிலிப்பைன்சின் பலவான் தீவில் ஊழியம் செய்த டிரெவர் மெக்கில்வேன், சிலுவையிலிருந்து தொடங்குவதை விட்டு, படைப்பிலிருந்து வரிசையாக வேதாகமத்தைக் கதையாகச் சொல்லும் முறையை உருவாக்கினார். அது பல நாடுகளுக்கும் பரவியது. ஆபிரகாமின் காத்திருப்பும் யோசேப்பின் மன்னிப்பும் தெரிந்தவருக்கு இயேசு திடீரென்று வந்த அந்நியராகத் தெரியமாட்டார். ஞாயிறு பாடசாலையில் ஒரு வருடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

சாட்சியும் கதைதான்

படுவான்கரையில் ஆயித்தியமலைச் சதா சகாய மாதா திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் செப்டெம்பர் திருவிழாக் காலத்தில் யாத்திரிகர்கள் நடந்துபோவார்கள். நேர்த்தி வைத்தது ஏன், பிள்ளைக்குச் சுகம் வந்தது எப்படி என்று பேசிக்கொண்டே நடப்பது யாத்திரையின் பாதி. மற்றச் சபைகளில் இதையே 'சாட்சி' என்று எழுந்து நின்று சொல்வார்கள். சாட்சிக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு: நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். கேட்பவர் அழ வேண்டும் என்று கூட்டிச் சொன்னால், உண்மை தெரியவரும் நாளில் கதையோடு விசுவாசமும் சேர்ந்து உடையும்.

விடை இல்லாத நாள்

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த பிள்ளைகளும் உயிரிழந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குப் போகும்போது முடிவு நல்லதாக வருகிற கதை எதையும் கையில் எடுக்காதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூட இருந்ததுதான் அவர்கள் செய்த நல்ல காரியம். வாய் திறந்து காரணம் சொன்னபோதுதான் பிழையாகிப்போனது. வேதாகமத்தில் ஒப்பாரியும் இருக்கிறது. தேற்ற வருகிறவர் முதலில் அழுகிறவரோடு அழ வேண்டும்.

பிள்ளை திருப்பிச் சொல்லட்டும்

கதை போய்ச் சேர்ந்ததா என்று அறிய ஒரு எளிய வழி: பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். காணாமற்போன ஆட்டைத் தேடிய மேய்ப்பனின் கதையைக் கேட்ட பிள்ளை, "பட்டியில் ஒரு மாட்டைக் காணவில்லை" என்று தொடங்கினால் திருத்தாதீர்கள். மாட்டுப் பட்டியும் எருமைத் தயிரும் தெரிந்த பிள்ளை அது. தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போனதும், கிடைத்த சந்தோஷத்தில் அயலவரைக் கூப்பிட்டதும் மாறாமல் வந்தால் போதும். அந்தப் பிள்ளை இனி அந்தக் கதையின் சொந்தக்காரர்.

முடிவைச் சொல்லாத கதைகள்

யோனாவின் புத்தகம் கடவுள் கேட்கிற ஒரு கேள்வியோடு முடிகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதியிருக்கவில்லை. லூக்கா 15இல், வீட்டுக்குத் திரும்பிய இளைய மகனுக்கு விருந்து நடக்கிறது. மூத்தவன் கோபத்தில் வெளியே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா? இயேசு சொல்லவில்லை. மூத்தவனைப் போல இருந்தவர்கள் முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிவை அவர்களிடம் விட்டுவிட்டார்.

கரடியனாற்றிலோ வேறு எந்த ஊரிலோ கதை சொல்லப் போகிறவருக்கு இதுவே முதல் பாடம். நன்றாகப் படித்து வையுங்கள், ஊர்ப் பேச்சில் சொல்லுங்கள், சொல்லி முடித்ததும் நிறுத்துங்கள். "ஆகவே இதனால் அறிவது" என்று தொடங்காதீர்கள். உள்ளே போவதா வேண்டாமா என்பதைக் கேட்டவர் தீர்மானிக்கட்டும். அந்த உரிமையைக் கடவுளே அவருக்குக் கொடுத்திருக்கிறார்.